வெள்ளைக் காய்க்கு ஒரு நோட்டு

வெள்ளைக் காய்க்கு முழு ஓப்பனிங் படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "எந்த ஹாலில் ஆடுவதற்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டவருக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆரம்பித்தால், தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி மூன்றாம் அத்தியாயத்தில் அடையாளத் துண்டு வைத்ததோடு சரி.

பாறசாலையில் இருப்பவனுக்கு ஹால் இரண்டு திசையிலும் உண்டு. ஒரு பக்கம் ரயில் ஏறினால் குழித்துறை, நாகர்கோவில். மறு பக்கம் ஏறினால் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்காக இரண்டு பக்கமும் போய்வருகிறேன். நாகர்கோவில் பக்கம் எனக்கு எதிரே வந்து உட்காருவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கோச்சிங் போகிறவர்கள். கிங்ஸ் இண்டியன் ஆடி, ராஜா பக்கச் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு வந்து மேலே விழுவார்கள். திருவனந்தபுரத்தில் கதை வேறு. கிராண்ட்மாஸ்டர் எஸ்.எல். நாராயணன் வளர்ந்த ஊர் அது. அங்கே கல்லூரி மாணவர்களும் பென்ஷன் வாங்குகிறவர்களும் ஸ்லாவ், நிம்ஸோ என்று அவசரமில்லாமல் ஆடுவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பதில் வைத்திருந்தால் என் தொகுப்பு முழுத் தொகுப்பு. 23-வது நகர்வில் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த புதுமை என் ரேட்டிங்குக்குத் தேவையே இல்லை. அதுவரைக்கும் புத்தகப்படி வருகிற எதிராளி எனக்கு வாய்த்ததில்லை.

நான் முதல் நகர்வாக 1.டி4-ஐ எடுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். 1.இ4 ஆடினால் சிசிலியன், பிரெஞ்ச், காரோ-கான், பிர்க், ஸ்கான்டினேவியன் என்று வருகிற ஒவ்வொன்றிலும் சிப்பாய் அமைப்பு வேறு. ஒன்றில் கற்றது அடுத்ததில் பயன்படாது. டி4, சி4 என்று போனால் நாலைந்து அமைப்புகளே திரும்பத் திரும்ப வரும். வேலைக்குப் போகிறவன் படிக்க முடிந்தது அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு மட்டும் இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். அவர்கள் முதலில் இ4 ஆடி அடிதடியில் நாலு ஆட்டம் தோற்று வரட்டும். அந்தக் கண் பிற்பாடு வராது.

இ4 ஆடிப் பழகியவர் டி4-க்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு விஸ்வநாதன் ஆனந்தைத்தான் காட்டுவேன். வாழ்நாளெல்லாம் பெரும்பாலும் இ4 ஆடிய அவர், 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்குக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப்பில் 1.டி4 வைத்தார். டி4 என்பது கிராம்னிக்கின் சொந்த வீடு. அங்கேயே போய் உட்கார்ந்தார். 2-வது ஆட்டத்தில் நிம்ஸோ-இண்டியனுக்கு 4.எஃப்3. 6-வது ஆட்டத்தில் அதே நிம்ஸோவுக்கு 4.ராணி சி2, அதில் வெற்றி. கடைசியாக, ஒரு டிரா போதும் என்ற நிலையில் 11-வது ஆட்டத்தில் பழைய இ4-ஐ எடுத்தார். 6½–4½ என்று முடிந்தது. அதற்குப் பின்னால் நீல்சன், காசிம்ஜானோவ், சூர்ய சேகர் கங்குலி, வொய்டாஷெக் என்று நான்கு பேர் மாதக்கணக்கில் வேலை பார்த்தார்கள். நமக்கு இருப்பது ஒரு போனும் ஒரு நோட்டும். அதற்குத் தக்கபடிதான் தொகுப்பையும் வெட்டிக்கொள்ள வேண்டும்.

நோட்டு என்றதும் எல்லைக்காரர்களின் ஒரு தொல்லையைச் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகாவோடு பாறசாலை இங்கே கேரளத்திலேயே நின்றது. காய்களும் அப்படியே பிரிந்து நிற்கின்றன. இந்தப் பக்கம் யானை குறுக்கே போகும், மூலையில் நிற்பது தேர், மந்திரி என்பது ராணி. களியக்காவிளை தாண்டினால் யானை மூலைக்குப் போய்விடும், மந்திரி குறுக்கே போவார். இரண்டு பக்க ஆட்களோடும் ஆட்டத்தை அலசுகிறவன் நோட்டில் கட்டத்தின் எழுத்தையும் எண்ணையும் எழுதினால்தான் பிழைப்பான். இங்கே நான் யானை என்று எழுதினால் மூலையில் நிற்பதைத்தான் சொல்கிறேன். குறுக்கே போவதை பிஷப் என்றே வைத்துக்கொள்வோம்.

எங்கள் வாசகசாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாலையில் பலகை விரிப்பார். லைன்களை நான் ஒப்பிக்கத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். "மக்களே, நீ சொல்லுகதெல்லாம் சரிதான். பத்து மூவ் கழிஞ்சா சிப்பாய் எங்க நிக்கும்னு சொல்லு, கேட்டியா? பெறவு காயைப் பாப்போம்." நான் "சரி சார்" என்று ராணி, பிஷப், குதிரை, யானை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ராஜாவையும் சிப்பாய்களையும் மட்டும் வைத்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் பேச்சு. ஓப்பனிங் படிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. என் நோட்டில் ஒவ்வொரு ஓப்பனிங்குக்கும் முதலில் வரைவது இந்தச் சிப்பாய்ப் படம். அதன் கீழே இரண்டு வரியில் திட்டம். நகர்வுகள் அதற்கும் கீழே.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்ச். 1.டி4 டி5 2.சி4 இ6 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.சி×டி5 இ×டி5. இங்கே நிறுத்திப் பாருங்கள். வெள்ளைக்கு சி ஃபைலில் சிப்பாய் இல்லை, இ ஃபைலில் உண்டு. கருப்புக்கு நேர்மாறு. கார்ல்ஸ்பாட் அமைப்பு என்று இதற்குப் பெயர். வெள்ளைக்கு இதில் இரண்டு வழி. யானையை பி1-ல் வைத்து, பி4, பி5 என்று தள்ளிக் கருப்பின் சி6 சிப்பாய் மேல் மோதுவது ஒன்று. இரண்டு சிப்பாய்கள் மூன்றின் மேல் போவதால் இதை மைனாரிட்டி அட்டாக் என்கிறார்கள். சிப்பாய்கள் மாறியதும் சி6-ல் துணையில்லாத ஒரு சிப்பாய் மிஞ்சும். அதை எண்ட்கேம் வரை விடாமல் குடையலாம். இன்னொரு வழியில் ராஜா பக்கத்துக் குதிரை எஃப்3-க்குப் போகாமல் இ2-வில் நிற்கும். பிறகு எஃப்3, இ4 என்று நடுவில் தள்ள வேண்டும். இதற்கு 1952 சோவியத் சாம்பியன்ஷிப்பில் பாட்வின்னிக் கெரஸை வென்ற ஆட்டம் ஒன்று போதும். அதைப் பலமுறை ஓட்டிப் பார்த்தால் எப்போது இ4 தள்ளலாம், எப்போது பொறுக்க வேண்டும் என்பது தானாகப் பிடிபடும். ஒவ்வொரு அமைப்புக்கும் இப்படி ஒரு முழு ஆட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது கிளைகளை மனப்பாடம் செய்வதைவிட அது லாபம்.

இந்த அமைப்பில் கருப்பின் பெரிய கவலை சி8-ல் நிற்கும் பிஷப். அது எஃப்5-க்கு வந்துவிட்டால் கருப்புக்கு நிம்மதி. அதைத் தடுப்பதில்தான் நகர்வு வரிசையின் நுட்பம் இருக்கிறது. 5.பிஷப் ஜி5 சி6 6.இ3 என்று ஆடும்போது எஃப்3 கட்டம் காலியாக இருக்க வேண்டும். கருப்பு 6...பிஷப் எஃப்5 வைத்தால் 7.ராணி எஃப்3 வரும். பிஷப் ஜி6-க்கு ஓடும். 8.பிஷப்×எஃப்6 ராணி×எஃப்6 9.ராணி×எஃப்6 ஜி×எஃப்6. கருப்பின் எஃப் சிப்பாய்கள் இரட்டையாகி, ராஜா பக்கம் சிதறிக் கிடக்கும். பழக்கதோஷத்தில் குதிரையை முன்கூட்டியே எஃப்3-ல் வைத்தவருக்கு இது கிடைக்காது.

அப்படி வைத்தவர் என்ன செய்யலாம் என்பதற்கு குகேஷ் ஒரு பாடம் கொடுத்திருக்கிறார். 2024 நவம்பர் 27, சிங்கப்பூர், டிங் லிரனுடன் உலக சாம்பியன்ஷிப் மூன்றாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் இ4 ஆடித் தோற்றிருந்த குகேஷ், இதில் டி4-க்கு வந்தார். 2-வது நகர்விலேயே குதிரை எஃப்3-ல். அதனால் 6.ராணி சி2 என்று எஃப்5 கட்டத்தைக் காவல் காத்தார். டிங் 6...ஜி6 ஆடி மறுபடியும் அந்தக் கட்டத்துக்கே அடிபோட்டார். 7.எச்3 பிஷப் எஃப்5 8.ராணி பி3 ராணி பி6 9.ஜி4. வந்த பிஷப்பை விரட்டியாயிற்று. ராணிகள் மாறிய பிறகு அது சி2 வரை வெள்ளையின் பகுதிக்குள் போனது, பின்னால் வெளியே வர வழியில்லாமல் சிக்கியது. 37-வது நகர்வோடு டிங்கின் கடிகாரமும் முடிந்தது. எஃப்5 என்ற ஒரு கட்டத்துக்காக இவ்வளவு சண்டை என்று தெரிந்த பிறகு 7.எச்3 போன்ற நகர்வை யாரும் மறக்க மாட்டார்கள். காரணம் தெரியாமல் படித்தவருக்கு அது வெறும் ஓரச் சிப்பாய்.

குதிரையை எஃப்3-ல் வைக்காமல் 3.குதிரை சி3 ஆடினால் உடனே இன்னொரு வாசல் திறக்கும். 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 இ6 3.குதிரை சி3 என்றதும் 3...பிஷப் பி4 வந்து நிம்ஸோ ஆகிவிடும். தொகுப்பைச் சேர்த்துக் கட்டுவதில் உள்ள உண்மையான கஷ்டம் இதுதான். ஓர் ஓப்பனிங்கில் எடுத்த முடிவு இன்னொன்றில் பில் அனுப்பும். புத்தகங்களைத் தனித்தனியாக வாங்கிப் படித்தால் இது தெரியாது. நிம்ஸோவே வேண்டாம் என்றால் 3.குதிரை எஃப்3. அப்போது மேலே சொன்ன ராணி எஃப்3 தந்திரத்தை விட்டுவிட வேண்டும். நான் நிம்ஸோவை ஏற்றுக்கொண்டு 4.ராணி சி2 எழுதி வைத்திருக்கிறேன். சி3-ல் பிஷப் வெட்டினால் ராணியாலேயே திரும்ப வெட்டலாம், சிப்பாய் இரட்டையாகாது.

ஸ்லாவுக்கு எக்ஸ்சேஞ்ச் போதும். டிராதான் ஆகும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பானில் கிராம்னிக் முதல் ஆட்டத்திலேயே ஆனந்துக்கு எதிராக அதைத்தான் ஆடினார், டிராதான் ஆனது. ஆனால் நம் மட்டத்தில் சமமான நிலையிலிருந்து யாரும் டிராவுக்குப் போய்ச் சேருவதில்லை. அதற்குள் ஒருவர் ஒரு காயை விட்டிருப்பார். கிரன்ஃபெல்டுக்கு சி×டி5, இ4 என்று நடுவைப் பிடிக்கும் நேர்வழி. பெனோனி, பெங்கோ கேம்பிட் இரண்டும் எங்கள் ஹால்களில் அபூர்வம். ஆளுக்கு அரைப் பக்கம்.

கிங்ஸ் இண்டியன்தான் என் நோட்டில் ஹாலைப் பார்த்து எழுதிய பக்கம். நல்ல புத்தகங்கள் எல்லாம் 7.ஓ-ஓ என்று கோட்டை கட்டி, ராணி பக்கம் தள்ளச் சொல்லும். கருப்பு அதற்குள் என் ராஜா மேல் வந்து விழும். இந்தப் பந்தயத்தைப் பிள்ளைகள் தூக்கத்தில் ஆடுவார்கள். எனவே நான் வேறு வழியில் போகிறேன். 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 ஜி6 3.குதிரை சி3 பிஷப் ஜி7 4.இ4 டி6 5.குதிரை எஃப்3 ஓ-ஓ 6.பிஷப் இ2 இ5 வந்ததும் 7.டி×இ5 டி×இ5 8.ராணி×டி8 யானை×டி8 9.பிஷப் ஜி5. ராணிகள் போய்விட்டன. கம்ப்யூட்டர் சமம் என்று சொல்லும், சொல்லட்டும். எதிரே இருக்கும் பையன் காலாட்டுவதை நிறுத்திவிட்டு அப்பா எங்கே நிற்கிறார் என்று தேடத் தொடங்குவான். 9-வதில் இ5 சிப்பாயை மட்டும் வெட்டிவிடாதீர்கள். 9.குதிரை×இ5 குதிரை×இ4 10.குதிரை×இ4 பிஷப்×இ5 என்று சிப்பாய் திரும்பிவிடும், நீளக் குறுக்குக் கோட்டில் அந்த பிஷப் முழு வீச்சோடு நிற்கும்.

ஓர் அடைப்புக்குறிச் செய்தி. கருப்பின் இந்த ஆட்டமுறைகளுக்கு இண்டியன் என்று பெயர் வந்ததில் ஒரு வங்காளியின் பங்கு உண்டு. 19-ம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்பவர் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரோடு நிறைய ஆட்டங்கள் ஆடினார். சிப்பாயை ஒரு கட்டமாக நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் வைத்து ஆடும் அவர் பாணியைத்தான் ஐரோப்பா அந்தப் பெயரில் அறிந்தது.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் பொறிகளுக்கு. ஆன்லைனில் ஆடுகிறவர்கள் இவற்றை முதலில் படித்தாலும் தவறில்லை. 1.டி4 இ5 என்று சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கும் இங்லண்ட் கேம்பிட் இப்போது வைரஸ் காய்ச்சல். 2.டி×இ5 குதிரை சி6 3.குதிரை எஃப்3 ராணி இ7 4.பிஷப் எஃப்4 ராணி பி4+ 5.பிஷப் டி2 ராணி×பி2. இங்கே பிஷப்பை சி3-ல் வைத்து ராணியைப் பிடிக்கத் தோன்றும். வைத்தால் 6...பிஷப் பி4 வரும், கதை முடிந்தது. சரியானது 6.குதிரை சி3. ஆல்பின் கேம்பிட்டில் 1.டி4 டி5 2.சி4 இ5 3.டி×இ5 டி4 ஆனதும் இ3 தள்ளாமல் 4.குதிரை எஃப்3. புடாபெஸ்டில் 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 இ5 3.டி×இ5 குதிரை ஜி4 4.பிஷப் எஃப்4 குதிரை சி6 5.குதிரை எஃப்3 பிஷப் பி4+ 6.குதிரை (பி) டி2 ராணி இ7 7.ஏ3 என்றதும் ஜி4 குதிரை இ5-ல் வெட்டும். பி4-ல் பிஷப் சும்மா கிடக்கிறதே என்று அதை உடனே வெட்டினால் 8...குதிரை டி3, செக்மேட். நம் இ2 சிப்பாயை ராணி பின் செய்திருப்பதால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. நமக்குச் சாதகமான பொறியும் ஒன்று உண்டு. குயின்ஸ் கேம்பிட்டை ஏற்றுக்கொண்டு சிப்பாயைக் காப்பாற்ற நினைப்பவர்கள் 2...டி×சி4 3.இ3 பி5 4.ஏ4 சி6 5.ஏ×பி5 சி×பி5 வரை வருவார்கள். 6.ராணி எஃப்3. ஏ8 யானைக்குக் காவல் இல்லை, ஏதாவது ஒரு காய் போயே தீரும். நூற்றாண்டுகள் பழைய பொறி, ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் வேலை செய்கிறது.

படித்ததை நினைவில் வைக்க நான் ரயிலை நம்புகிறேன். பாறசாலையில் ஏறினால் தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு லைன், பலகை இல்லாமல், மனதுக்குள். எங்கே தடுமாறுகிறேனோ அந்த நகர்வைப் பேனாவால் வட்டமிடுவேன். அடுத்த நாள் வட்டமிட்டவை மட்டும். தெரிந்ததை மறுபடி மறுபடி ஓட்டுவது சுகமான வேலை, பயன் குறைவு. மறந்துபோனால் வெட்கப்படவும் வேண்டாம். 2010 ஏப்ரலில் சோபியாவில் டோபலோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஆனந்துக்கே தயாரிப்பில் நகர்வு வரிசை மாறிப்போய் 30 நகர்வில் ஆட்டம் போனது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லாமல் சாலை வழியாக சோபியா போய்ச் சேர்ந்தவர், அந்த மேட்சில் கேட்டலன் ஆடி வெள்ளைக் காயில் இரண்டு ஆட்டங்களை வென்று, 6½–5½ என்று பட்டத்தைக் காத்தார்.

போனில் லிச்செஸ் போதும், காசு கிடையாது. அதில் ஸ்டடி என்ற பகுதியில் ஓப்பனிங்குக்கு ஓர் அத்தியாயம் போட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியம் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர். மாஸ்டர்களின் ஆட்டங்களை விட்டுவிட்டு, நம்மை ஒத்த ரேட்டிங்காரர்களின் ஆட்டங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் பிடிக்கும் கிளையை நம் மட்டத்தில் அநேகமாக யாருமே ஆடுவதில்லை என்பதும், ஒரு வரியில் தள்ளிவிட்ட நகர்வைத்தான் பாதிப் பேர் ஆடுகிறார்கள் என்பதும் தெரியவரும். ஸ்டாக்ஃபிஷ்ஷைக் கடைசியில் திறந்தால் போதும். முதலிலேயே திறந்தால் அது சொல்லும் 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் ஒரு மாலை போய்விடும்.

இவ்வளவுக்கும் நேரமில்லாதவர்கள் லண்டன் சிஸ்டம் ஆடுங்கள். டி4, பிஷப் எஃப்4, இ3, சி3. சோம்பேறி ஓப்பனிங் என்ற கேலியைக் காதில் போடவேண்டாம். 2023-ல் அஸ்தானாவில் டிங் லிரன் உலக சாம்பியன்ஷிப் 6-வது ஆட்டத்தில் நெபோம்னியாச்சியை அதை வைத்துத்தான் வென்றார். அதற்கும் ஒரு சிப்பாய்ப் படம் வரையத்தான் வேண்டும்.

ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஸ்கோர்ஷீட்டை நோட்டோடு ஒத்துப் பார்த்து, முதலில் நோட்டை விட்டு விலகியது யார், எந்த நகர்வில் என்பதை மட்டும் குறிக்கிறேன். எதிராளி விலகியிருந்தால் அந்த நகர்வுக்கு ஒரு வரி சேரும். ஒரே கிளை இரண்டு பக்கத்தைத் தாண்டினால் அதை எடுத்துவிட்டு எளிய வழி தேடுவேன். அண்மையில் அப்படி அடிபட்டது டச்சு டிபென்ஸ் பக்கம். 2.ஜி3 நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கருப்பு மூன்று விதமாகச் சிப்பாய் அடுக்கலாம், மூன்றுக்கும் தனிப் படம் வேண்டியிருந்தது. இப்போது 2.குதிரை சி3 பார்க்கிறேன். 2...குதிரை எஃப்6 வந்தால் 3.பிஷப் ஜி5, குதிரையை வெட்டி எஃப் ஃபைலில் சிப்பாயை இரட்டையாக்கிவிட்டு இ3. 2...டி5 வந்தால் 3.பிஷப் எஃப்4. படம் ஒன்றில் அடங்குகிறது. நாகர்கோவிலில் டச்சு ஆடும் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது ஒருவன் ஓணத்துக்கு முன்னால் எதிரே உட்காருவான்.